மயக்குதல் எளிது, மீட்டல் அரிது

வாயில்லாச் சீவன்களின் வைத்தியத்தில் மயக்கமருந்தியல் ஒரு தனித்துறையாக வளர வேண்டும் எனக் கூறப்படும்போதெல்லாம், படித்தோர் அவையிலும் ஒரு புன்முறுவல் எழுவது வழக்கம். மனிதருக்கே மயக்கமருந்து நிபுணர் போதாதிருக்கும் நாட்டில் மாட்டுக்கும் மானுக்கும் நிபுணர் வேண்டுமா என்பதே அப்புன்முறுவலின் பொருள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆயின் அதன் அடியில் மூன்று தவறான எண்ணங்கள் மறைந்து கிடக்கின்றன. மயக்கமருந்து என்பது வெறும் ஓர் ஊசி என்பது முதலாவது. மிருகம் என்பது ஒரே வகை உடல் என்பது இரண்டாவது. வலியைப் போக்குதல் வைத்தியத்தின் கருணைப் பகுதியேயன்றி அறிவுப் பகுதியன்று என்பது மூன்றாவது. இம்மூன்றும் பிழை என்பதையும், அப்பிழையின் விலையைச் செலுத்துவோர் மிருகங்கள் மட்டுமல்லர் என்பதையும் விளங்கிக்கொள்ளத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த பிரதேசம் ஒன்றே போதுமானது.

கோட்டையும் மானும்

திருகோணமலையில் பிரட்றிக் கோட்டையினுள்ளும், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியிலும், நகரின் கடற்கரை வெளியிலும் புள்ளிமான்கள் மனிதரோடு கலந்து திரிவதைக் காணாமல் திரும்பும் பயணி அரிது. நகரத்தின் அடையாளமாக இவை போற்றப்படுகின்றன, படம் பிடிக்கப்படுகின்றன, பழமும் பாணும் ஊட்டப்படுகின்றன. அதே மான்கள் குப்பையோடு பொலித்தீனை விழுங்குகின்றன, வாகனங்களில் அடிபடுகின்றன, தெருநாய்களால் கடியுண்கின்றன, கொம்பில் வலையும் கயிறும் சிக்கித் துன்புறுகின்றன. இத்தகைய மான் ஒன்றுக்குச் சிகிச்சை செய்யவேண்டுமாயின், முதலில் அதனைப் பிடிக்க வேண்டும். நகரத்தின் பாசம் முடிவடைந்து விஞ்ஞானம் தொடங்கவேண்டிய இடம் அதுவே.

மானைத் துரத்திப் பிடிப்பது அதனைக் கொல்வதற்கு ஒப்பானது. அச்சத்தாலும் ஓட்டத்தாலும் அதன் தசைகளில் அமிலம் பெருகுகிறது, உடல்வெப்பம் உயர்கிறது, தசைநார்கள் சிதைந்து, அச்சிதைவின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது. பிடிபடும்போது உயிரோடிருந்த மான் சில மணி நேரத்தின் பின்போ, சில நாட்களின் பின்போ இறந்து கிடக்கும். அப்போது அதனைப் பிடித்தவர் எவரும் அருகில் இருப்பதில்லையாதலால் அச்சாவு எவருடைய கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

மாற்றுவழி மயக்க ஊசித் துப்பாக்கி. நியூசிலாந்தின் மிருக வைத்தியர் கொலின் மேர்டொக் 1950களில் உருவாக்கிய இக்கருவி, காட்டு விலங்கு வைத்தியத்தின் முகத்தையே மாற்றியது. எனினும் திரைப்படங்களிற் காண்பதுபோல ஊசி தைத்த கணத்திலேயே விலங்கு சாய்வதில்லை. தசையிற் புகுந்த மருந்து குருதியிற் கலந்து மூளையை அடையும் வரையிலான அந்தச் சில நிமிடங்களில் மான் ஓடும். எங்கே ஓடும் என்பதே திருகோணமலையின் வினா. ஒருபுறம் சுவாமிமலையின் செங்குத்தான பாறை, இருபுறமும் கடல், நகரத்தின் பக்கம் திரும்பினால் வாகனங்கள் விரையும் வீதி. ஆகவே எந்த மருந்து, எவ்வளவு, எந்த நேரத்தில், எந்த இடத்தில், காற்று எப்பக்கம், வெயில் எவ்வளவு என்பன யாவும் ஊசி பறப்பதற்கு முன்னர் தீர்மானிக்கப்பட வேண்டியவை. சாய்ந்த பின்னரும் வேலை முடிவதில்லை. கண்களைத் துணியால் மூடவேண்டும். அசைபோடும் விலங்காதலால் நெஞ்சின்மேல் நிமிர்த்திக் கிடத்தவேண்டும். வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டுமாயின் நீரூற்றிக் குளிர்விக்கவேண்டும். சுவாசத்தையும் நாடியையும் இடையறாது எண்ணவேண்டும். ஈற்றில் மாற்றுமருந்து கொடுத்து, அது எழுந்து நடக்கும் வரை காவலிருக்கவேண்டும். இத்தனையும் ஓர் ஊசியா, அன்றி ஒரு துறையா என்பதைப் படித்தோர் தீர்மானிப்பாராக.

மிருகம் என்ற ஒரு சொல்

மனித வைத்தியத்தின் மயக்கமருந்து நிபுணர் ஒரே இனத்தின் உடலை வாழ்நாள் முழுவதும் பயில்கிறார். மிருக வைத்தியரோ காலையில் பசுவையும் நண்பகலில் நாயையும் மாலையில் யானையையும் சந்திக்க நேரிடும். மிருகம் என்ற ஒரு சொல்லினுள் அடைத்துவைக்கப்பட்டுள்ள இவ்வுடல்கள் ஒன்றையொன்று ஒத்தவையல்ல.

சைலசீன் என்னும் மருந்தை எடுத்துக்கொள்வோர் இதனை எளிதில் உணர்வர். குதிரைக்கு வேண்டிய அளவில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கே மாட்டுக்குப் போதுமானது. குதிரையின் கணக்கை மாட்டின்மேல் ஏற்றுபவர் அதனைக் கொல்லவும் கூடும். மாட்டைப் பக்கவாட்டிற் கிடத்தினால் அதன் பெருவயிற்றில் நொதித்தல் நிற்பதில்லை. வாயு வெளியேற வழியின்றி வயிறு ஊதி நுரையீரலை நெருக்கும். மேலெழும் இரை சுவாசக்குழாயிற் புகும். இதனாலேயே தேர்ந்த வைத்தியர் மாட்டை நிற்கவைத்தே, முள்ளந்தண்டை அண்டிய நரம்புகளை மரத்துப்போகச் செய்து, விலாவைத் திறக்கிறார். ஆட்டுக்குட்டிக்கோ அந்த மரப்பு மருந்தாகிய லிக்னோகெயின் சற்று மிகுந்தாலும் நஞ்சாகும்.

கிண்ணியாவிலும் மூதூரிலும் எருமை ஒரு குடும்பத்தின் சேமிப்பு. கன்றீனும் வேளையில் கருப்பை முறுக்கிக்கொள்வது எருமைகளில் ஈற்றுத்தடைக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்பது மிருக வைத்தியம் பயின்றோர் அறிந்தது. முறுக்கு விடுபடாதவிடத்து வயிற்றைக் கிழித்தே கன்றை எடுக்கவேண்டும். அவ்வேளை நரம்புத்தடை சரிவர அமையாது போனால் எருமை சத்திரத்தின் நடுவே விழும். கன்றும் தாயும் ஒருங்கே போகும். பாலுக்கும் தயிருக்கும் அவ்வெருமையையே நம்பியிருந்த வீட்டில் அன்று இரவு பேசப்படுவது கருணையைப் பற்றியன்று, கடனைப் பற்றியே. மயக்கமருந்தியல் பணக்காரரின் வளர்ப்புநாய்க்கான ஆடம்பரம் என்போர் இவ்வீட்டின் கணக்கையும் பார்க்கவேண்டும்.

யானையின் நிலை இன்னும் கடினமானது. கந்தளாய், சேருவில, மூதூர்ப் புறங்களில் யானைக்கும் மனிதருக்கும் இடையிலான மோதல் அன்றாட வாழ்வின் பகுதியாகிவிட்டது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையில் 450க்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தன. துப்பாக்கிக் காயமும், இரையினுள் மறைத்துவைக்கப்படும் வாய்வெடியாற் சிதைந்த தாடையும் கொண்ட யானையை அணுக மயக்கமருந்தின்றி வழியில்லை. ஏனைய பாலூட்டிகளிற் காணப்படும் நுரையீரலைச் சூழ்ந்த இடைவெளி யானைக்கு இல்லை. நெஞ்சும் வயிறும் நிலத்தில் அழுந்த அது படுத்துவிட்டால் தன் பாரத்தாலேயே மூச்சுத்திணறும். மானை நெஞ்சின்மேற் கிடத்தவேண்டும். யானையை அவ்வாறு கிடக்க விடலாகாது. ஓர் உயிரைக் காக்கும் விதி மற்றோர் உயிரைக் கொல்லும் விதியாக மாறும் துறையில் பொதுவறிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

யானைக்குப் பயன்படும் எற்றோபின் என்னும் மருந்து மோர்பினைவிட ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வீரியம் உடையது. அதன் சிறு துளி வைத்தியரின் கையிற் கீறலொன்றின் வழியே புகுந்தாலும் அவருடைய உயிருக்கு ஆபத்து. மாற்றுமருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, வைத்தியரையே மீட்டெடுக்கப் பயின்ற ஒருவர் அருகில் நிற்கவேண்டும். ஆகவே இது விலங்குகளின் பிரச்சினை மட்டுமன்று. அத்தொழிலைச் செய்யும் மனிதரின் உயிர்ப்பாதுகாப்புப் பிரச்சினையுமாகும்.

திருப்பிச் செலுத்தப்படாத கடன்

வரலாற்றை நோக்குமிடத்து, மயக்கமருந்தின் முதற் கடன் விலங்குகளிடமே வாங்கப்பட்டமை புலனாகும். 1824இல் ஹென்றி ஹில் ஹிக்மன் என்னும் ஆங்கில வைத்தியர் விலங்குகளைக் காபனீரொட்சைட்டினால் உணர்விழக்கச் செய்து சத்திரம் செய்து காட்டினார். அக்கால வைத்திய உலகம் அவரைப் பொருட்படுத்தவில்லை. 1846 ஒக்டோபர் 16ஆந் திகதி பொஸ்ரன் நகரில் ஈதரின் ஆற்றலை உலகறியச் செய்த வில்லியம் மோட்டன், அதற்கு முன்னர் அதனை நாயின்மேற் சோதித்திருந்தார். 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபோமைப் புகுத்தினார். அதே ஆண்டு எட்வேட் மேஹியூ இலண்டனில் நாய்க்கும் பூனைக்கும் ஈதர் கொடுத்துப் பார்த்து, அதன் பயன்குறித்து ஐயமே தெரிவித்தார். மனிதர் வலியின்றிச் சத்திரம் பெறத் தொடங்கிய பின்னரும் குதிரைகள் நீண்டகாலம் கட்டி வீழ்த்தப்பட்டே அறுக்கப்பட்டன. சோதனைக்கு முதலில் அழைக்கப்பட்டவை பயனுக்குக் கடைசியாகவே அழைக்கப்பட்டன.

விலங்குகளின் மயக்கம் பற்றிய தனிநூல் ஒன்றை பிரெட்றிக் ஹொப்டே 1915இல் வெளியிட்டார். குறித்த சில சத்திரங்களை மயக்கமருந்தின்றிச் செய்வதைத் தடுக்கும் சட்டம் பிரித்தானியாவில் 1919இல் வந்தது. 1954இல் அது விரிவாக்கப்பட்டது. 1964இல் பிரித்தானிய மிருக மயக்கமருந்து வைத்தியர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர். 1975இல் அமெரிக்காவில் இத்துறைக்கான நிபுணர் கல்லூரி அங்கீகாரம் பெற்றது. ஐரோப்பியக் கல்லூரி 1990களில் உருவாயிற்று. ஓர் ஊசி ஒரு தொழிலாக மாற ஒரு நூற்றாண்டுக்கு மேற் சென்றது.

மனித வைத்தியத்திலும் இந்த அங்கீகாரம் பல்கலைக்கழகங்கள் விரும்பி அளித்ததன்று. ஒக்ஸ்போட்டில் மயக்கமருந்தியலுக்குப் பேராசிரியர் பதவி வேண்டுமெனக் கார் உற்பத்தியாளரான நஃபீல்ட் பிரபு வற்புறுத்தியபோது, அறிஞர் அவை அதனைத் தயக்கத்தோடேயே ஏற்றது. 1937இல் ரொபேட் மக்கின்ரொஷ் அப்பதவியை வகித்தார். இன்று அவ்வறிஞர்களின் தயக்கம் நகைப்புக்குரியதாயிற்று. மிருக வைத்தியத்தில் இதே கோரிக்கையைக் கேட்டு இன்று புன்முறுவல் செய்வோர், தம் நகைப்புக்கும் இதே முடிவு நேரலாம் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

பெயரில்லாத் துறை

இலங்கையில் மிருக வைத்தியப் பல்கலைக்கழகக் கல்வி 1947இல் தொடங்கியது. பேராதனையில் அது 1980இல் தனிப்பீடமாயிற்று. தொழிலை ஒழுங்குபடுத்தும் மிருக வைத்தியச் சட்டம் 1956இல் வந்தது. இவை பெருமைக்குரிய படிகள். எனினும் தென்னாசியப் பல்கலைக்கழகங்களில் மயக்கமருந்தியல் பொதுவாகச் சத்திரசிகிச்சையின் ஓர் அலகாகவே கற்பிக்கப்பட்டு வந்துள்ளது. 1903ஆம் ஆண்டிலிருந்து சென்னையிலே மிருக வைத்தியக் கல்லூரியைக் கொண்டுள்ள இந்தியாவில், அதற்குரிய பட்டமேற்படிப்புத் துறையின் பெயர் சத்திரசிகிச்சையும் கதிரியலும் என்பதாகும். எலும்பைப் படம்பிடிக்கும் கலைக்குத் துறையின் பெயரில் இடமுண்டு. அப்படத்தின் பின் உயிரைப் பிடித்துவைத்திருக்கும் கலைக்கு இடமில்லை. பெயரில்லாத துறைக்குப் பதவியில்லை; பதவியில்லாத துறைக்கு ஆராய்ச்சியில்லை; ஆராய்ச்சியில்லாத துறையில் வெப்பவலயத்து எருமைக்கும் புள்ளிமானுக்கும் உரிய மருந்தளவை வேறு நாட்டார் நூலிலிருந்தே கடன்வாங்கவேண்டும்.

சட்டமும் இதற்கு உடந்தையாக இருந்து வந்துள்ளது. இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907ஆம் ஆண்டினது. பிரித்தானியாவின் மயக்கமருந்துச் சட்டத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முற்பட்டது. அடித்தல், மிகைச்சுமை ஏற்றல் முதலான கண்கூடான கொடுமைகளையே அது பெரிதும் நோக்கியது. குடியேற்ற ஆட்சியாளர் தம் நாட்டில் வளர்த்துக்கொண்ட சட்டவுணர்வு குடியேற்றத்தில் உறைந்து நின்றது. 2006இல் சட்ட ஆணைக்குழு தயாரித்த விலங்குநலச் சட்டவரைவு ஆண்டுக்கணக்காகக் காத்துக்கிடந்தது. இதற்கிடையில் நாம்பன்கள் காயடிக்கப்பட்டன. கன்றுகளின் தோலில் குறி சுடப்பட்டது. கட்டிப்போட்டால் போதும் என்ற எண்ணமே அங்கெல்லாம் மயக்கமருந்தாக விளங்கியது.

நிர்வாகமும் விலங்கைக் கூறுபோட்டு வைத்திருக்கிறது. மாடும் எருமையும் மாகாண நிர்வாகத்தின் கால்நடை வைத்தியரைச் சேர்ந்தவை. மானும் யானையும் மத்திய அரசின் வனசீவராசிகள் திணைக்களத்தைச் சேர்ந்தவை. தெருநாயின் விசர்நோய்த் தடுப்பு சுகாதாரத் துறையைச் சேர்ந்தது. நகரத்து வீதியில் அடிபட்ட மானுக்கு அருகிலிருக்கும் வைத்தியர் உரிமையற்றவர்; உரிமையுள்ள வைத்தியரோ தொலைவிலிருப்பவர். மூன்று திணைக்களங்களும் தனித்தனியே ஒரு நிபுணரை வைத்துக்கொள்ள இயலாமை உண்மை. மூன்றுக்கும் பொதுவாக ஒருவரை வைத்துக்கொள்ள எண்ணாமையோ இயலாமையன்று.

மறுப்புகளும் அவற்றின் பெறுமதியும்

எந்த மிருக வைத்தியரும் மயக்கமருந்து கொடுக்க வல்லவரே என்பது முதல் மறுப்பு. வல்லவரே, அவர் கொடுக்கவும் வேண்டும். ஆயின் மாகடலைக் கடந்து வந்த கப்பற் தலைவரும் துறைமுக வாயிலில் வழிகாட்டி மாலுமியை ஏற்றிக்கொள்கிறார். அது அவருடைய ஆற்றலுக்கு இழுக்கன்று. பாறை எங்கே என்பதை அவ்விடத்தையே பயின்றவர் அறிவார் என்ற ஒப்புக்கொள்ளல். தவிரவும், கத்தியைப் பிடித்த கண் காயத்திலேயே பதிந்திருக்கும். மூச்சை எண்ண இன்னொரு கண் வேண்டும்.

தேவை சிறிது, ஆபத்தும் சிறிது என்பது இரண்டாவது மறுப்பு. பிரித்தானியாவில் 2002 முதல் 2004 வரை நடத்தப்பட்டு 2008இல் வெளியான பேராய்வில் 98,000க்கும் மேற்பட்ட நாய்கள் உள்ளடங்கின. மயக்கத்தோடு தொடர்புடைய சாவு நாய்களில் 0.17 வீதமாகவும், பூனைகளில் 0.24 வீதமாகவும், முயல்களில் 1.39 வீதமாகவும் இருந்தது. குதிரைகள்பற்றி 2002இல் வெளியான ஆய்வோ, வயிற்று நோவுக்கான அவசர சத்திரங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று இறப்பதைக் காட்டியது. கருவியும் பயிற்சியும் மிகுந்த நாட்டின் கணக்கே இது. இவ்வாய்வின் மிக முக்கியமான முடிவு வேறொன்று: இறந்த நாய்களில் ஏறத்தாழ அரைவாசியும், பூனைகளில் அதனினும் கூடியனவும் சத்திரம் முடிந்த பின்னரே இறந்தன, அவற்றுட் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துள். அதாவது, கத்தி கழுவப்பட்டு, கையுறை கழற்றப்பட்டு, எல்லோரும் தேநீர் அருந்தச் சென்ற பொழுதில். நாய்களைக் கொல்வதைக் கைவிட்டுக் கருத்தடைச் சத்திரத்தை இலங்கை கொள்கையாக ஏற்ற பின்னர், ஒரே நாளில் பல நாய்கள் வரிசையாகச் சத்திரம் பெறும் முகாம்கள் பெருகின. அங்கே கத்தி பிடிப்போருக்கு அடுத்தபடியாக வேண்டப்படுபவர், மயங்கிக்கிடக்கும் வரிசையின் அருகே அமர்ந்திருக்கும் பயின்ற ஒருவரே.

முன்னோர் இவையின்றியே வைத்தியம் செய்தனர் என்பது மூன்றாவது மறுப்பு. முன்னோர் மாட்டுக்கு வாகடமும், யானைக்கும் குதிரைக்கும் வெவ்வேறு சாத்திரங்களும் வகுத்தனர். ஒவ்வோர் உடலுக்கும் தனியறிவு வேண்டும் என்பதை ஏட்டிலேயே ஒப்புக்கொண்ட மரபு அது. அம்மரபின் பெயரால் தனித்துறையை மறுப்பது அம்மரபையே மறுப்பதாகும்.

வீரரும் நிறுவனமும்

தமிழுலகம் இத்துறையை முற்றாக அறியாததன்று. தமிழ்நாட்டு வனத்துறையிற் பணியாற்றி 2002இல் மறைந்த யானை வைத்தியர் வி. கிருஷ்ணமூர்த்தி, ஜெயமோகனின் கதையொன்றின் வழியே பல்லாயிரம் வாசகருக்கு அறிமுகமானவர். 2023இல் அரிக்கொம்பன் என்னும் யானை ஏப்பிரலில் கேரளத்திலும் சூன் மாதத்தில் தமிழ்நாட்டிலும் மயக்கப்பட்டு இடம்மாற்றப்பட்டபோது, அதனைத் தொலைக்காட்சியிற் கண்டோர் பலர். யானையை மாற்றியது சரியா பிழையா என்ற விவாதம் ஓயாது நடந்தது. ஐந்து வாரங்களுக்கிடையில் இரு தடவை மயங்கி, இரு தடவையும் உயிரோடு எழுந்ததன் பின்னாலுள்ள அறிவு எங்கே, எவரால், எவ்வாறு கற்பிக்கப்படுகிறது என்று கேட்டோர் சிலரே. வீரரைப் போற்றும் சமூகம் அவ்வீரர் மறைந்ததும் அடுத்தவருக்காகக் காத்திருக்கும். நிறுவனத்தைக் கட்டும் சமூகம் காத்திருப்பதில்லை.

வேண்டப்படுவன பெரியனவல்ல. மிருக வைத்தியப் பீடத்தில் மயக்கமருந்தியலுக்கெனத் தனிப் பதவியும் பட்டமேற்படிப்பும் வேண்டும். கிழக்கு மாகாணத்துக்கு, மூன்று திணைக்களங்களுக்கும் பொதுவான நிபுணர் ஒருவரேனும் வேண்டும். ஒவ்வொரு சத்திரத்திலும் மருந்தளவு, மூச்சு, நாடி, வெப்பம், எழுந்த நேரம் ஆகியன குறிக்கப்படும் ஒரு தாள் வேண்டும். சாவும் அத்தாளில் எழுதப்பட வேண்டும், ஏனெனில் எழுதப்படாத சாவிலிருந்து எவரும் கற்பதில்லை. சத்திரம் செய்பவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் மயங்கிய விலங்கின் அருகில் இருப்பது விதியாக வேண்டும். கால்நடை உதவியாளர் அவ்வேலைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் பயிற்றப்பட வேண்டும். அதற்குரிய கைநூலை ஆக்குவது பல்கலைக்கழகத் தமிழ் மாணவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று.

பேராதனையிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கோட்டை வாயிலில் வீழ்ந்து கிடக்கும் மானுக்கும், மூதூரில் ஈனமுடியாது தவிக்கும் எருமைக்கும் அத்தூரம் மிக நீண்டது. அதனைக் குறுக்குவது வாகனமன்று, அங்கேயே நிலைகொண்ட அறிவு. ஒரு மிருக வைத்திய நிலையத்தின் தரத்தை அளக்க விரும்புவோர் அங்கு எத்தனை சத்திரங்கள் நடந்தன எனக் கேட்பதை விடுத்து, விலங்கு எழுந்து நிற்கும் வரை அருகில் அமர்ந்திருந்தவர் யார், அவர் அதற்கென என்ன பயின்றவர் எனக் கேட்பாராக. அக்கேள்விக்கு ஒரு பெயரையும் ஒரு பதவியையும் விடையாகக் கூறக்கூடிய நாளே இத்துறை இந்நாட்டில் பிறந்த நாளாகும்.